தோலாக்

பெராலிஹான் வகுப்பில் முதல் நாள்
சிக்கு ரொஹானா பலகையில் எழுதினார்:
தோலாக்.
கழித்தல்டி என்று
பக்கத்துப் பையன் முணுமுணுத்தான்.
ஆறு வருஷம் தமிழில் கழித்தவள் நான்.
அன்றைக்கு ஏழிலிருந்து மூன்று
போக மாட்டேன் என்றது.
ஜன்னலுக்கு வெளியே
செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று
பகாவ் சாலை மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.
அந்த வருஷத்தில்
அதன் நம்பர் மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

படிவம் இரண்டோடு நின்றேன்.
செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை:
கறுப்புப் பையில் மண் நிரப்ப வேண்டும்,
பைக்கு இத்தனை காசு.
கிராணி முந்நூற்றுப் பத்து என்று எழுதினால்
பதினெட்டு என்பேன்.
முனகிக்கொண்டே திரும்ப எண்ணுவார்.
பதினெட்டுதான் இருக்கும்.
சிக்கு ரொஹானாவிடம் யாராவது சொல்லியிருந்தால்
வேறு யாரோ என்றிருப்பார்.

மலாய்ச் சொற்கள் அவை பாட்டுக்கு வந்து சேர்ந்தன.
சோற்றுக்கடையில் குழம்புக்குத் தட்டை நீட்டினால் தம்பா.
இரண்டு குவளைக்கு நடுவே தேநீர் நீண்டால் தாரிக்.
பேங்கின் கண்ணாடிக் கதவில்
பழைய சொல் ஒட்டியிருந்தது, தோலாக்.
தள்ளினேன், திறந்தது.
கழிப்பதும் தள்ளுவதும் ஒரே சொல்லா என்று
வாசலிலேயே நின்றுவிட்டேன்.
பின்னால் ஒருவர் இருமினார்.

லோஷினி எங்களிடம் வந்தது ஒரு மழைநாளில்,
துண்டில் சுற்றி, பாதி தீர்ந்த பால் டின்னோடு.
பெற்றவள் பெயரை நாங்கள் கேட்கவில்லை.
கேட்டிருக்க வேண்டும்.
எவற்றையெல்லாம் கேட்க வேண்டும் என்று
எந்த வகுப்பில் சொன்னார்கள்?
சொல்லியிருந்தாலும்
நான் லாரியைத்தான் பார்த்திருப்பேன்.

அவளுக்கு ஒன்பது வயதில் அந்தக் கடிதம் வந்தது.
பழுப்பு உறை, அரசாங்க முத்திரை.
இரண்டாம் பத்தியின் நடுவில்
டிதோலாக்.
யாரையும் கேட்கவில்லை, புரிந்துவிட்டது.
கழித்திருந்தார்கள்.
தள்ளியிருந்தார்கள்.
மூன்றாவது அர்த்தம் ஒன்று
இத்தனை வருஷம்
எனக்காக உறைக்குள் காத்திருந்திருக்கிறது.

என் படிப்பு அந்த ராத்திரி தொடங்கியது.
முப்பத்தாறு வயதில்,
நகத்தில் மண்ணோடு, சமையல் மேசையில்.
மணிமாறன் பந்து விளையாட்டின் சத்தத்தைக்
குறைத்து வைத்தார், அவரால் முடிந்த உதவி.
புக்தி என்றால் ஆதாரம்.
லேவாட் என்றால் தாமதம்; இது ஏற்கெனவே தெரியும்,
பண்ணையில் என் பெயருக்கு எதிரே
சிவப்பு மையில் இருந்திருக்கிறது.
ராயுவான் வந்தபோது சிரிப்பு வந்துவிட்டது.
பஸ்ஸில் போடும் மலாய்க் காதல் பாட்டில்
காலில் விழாத குறையாக ஒருவன் குழைவானே, அது.
இலாகாவில் அதற்குப் பெயர் மேல்முறையீடாம்.
சரி என்று குழைந்தே எழுதினேன்.
நாலு தாள் கிழிந்தது.
ஐந்தாவதில் பிழை மூன்றுதான் என்றாள்
பக்கத்து வீட்டு நூர்லைலா.
திருத்தாமல் விட்டேன் ஒன்றை.
பிழையோடுதான் அந்த வாக்கியத்தில்
நான் சொல்ல வந்தது இருந்தது.

பதிவு இலாகாக் கதவில் தாரிக் என்றிருந்தது.
நான் பழக்கத்தில் தள்ளினேன்.
மறுபடியும் தள்ளினேன்.
"காக், தாரிக்," என்றார் காவலாளி,
காற்றில் தேநீர் ஆற்றிக் காட்டி.

எங்கள் சீட்டில் 1052.
திரையில் 1017.
லோஷினி கழித்தலில் பத்துக்கு நாலு வாங்குகிறவள்,
கடன் வாங்கும் இடத்தில் எப்போதும் தடுக்கி விழுவாள்.
திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள்
விரல்கூட மடக்காமல் சொன்னாள்:
"அம்மா, முப்பத்தஞ்சு பேர் பாக்கி."
பக்கத்து நாற்காலி மலாய்க்காரம்மா
தன் சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.
அந்தக் கடைசிச் சொல் அவருக்கும் புரிந்திருந்தது.

மணி அடித்தது.

"முப்பத்து நாலு."